சிப்பாய் பின்னுக்கு வராது



கொஞ்சம் நீளமான பதிவு. சதுரங்கம் தெரியாதவர்களும் வாசிக்கலாம். தேவையானதை இடையிடையே விளங்கப்படுத்திக்கொண்டு போகிறேன். பிள்ளைகளைச் சதுரங்கப் போட்டிக்கு அனுப்புகிற உம்மா வாப்பாமார் மட்டும் பொறுமையாகக் கடைசி வரை வாசித்துவிடுங்கள். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் வலயமட்டச் சதுரங்கப் போட்டி நடக்கிற எந்தப் பாடசாலைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். மண்டபத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் வெளி விறாந்தையில் வாப்பாமாரும் நானாமாரும் போனோடு காத்திருப்பார்கள். பிள்ளை ஆட்டத்தை முடித்துவிட்டு, நகர்வுகளை எழுதிய தாளோடு ஓடி வரும். ஒரு மிடறு தண்ணீர் குடிக்க முதலே தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் போனில் போடுவார்கள். போன் ஓர் இலக்கம் காட்டும். கூட்டல் 0.4 என்று வரும், கழித்தல் 0.7 என்று வரும். அதைப் பார்த்துத்தான் பிள்ளையின் முகம் மலரும், அல்லது வாடும்.

போன முறை எங்கள் அணியில் தரம் 8 படிக்கிற பிள்ளை ஒருத்தி கறுப்பில் ஆடி வென்றுவிட்டு வந்தாள். நல்ல ஆட்டம். ஆனால் பத்து நிமிடத்தில் அவளது முகம் சுருங்கிப்போனது. நானா போனைக் காட்டி, "நீ ஆறாவதாத் தள்ளின சிப்பாயோட வெள்ளைக்கு ஏறிட்டு பாரு, அது பிழை" என்று சொல்லியிருக்கிறார். கறுப்பில் ஆட வேண்டிய அடுத்த சுற்றில் அவள் ஒன்றரை வருடமாகப் பழகிய தொடக்கத்தை விட்டுவிட்டு, போன் காட்டிய இன்னொன்றை ஆடித் தோற்றாள். அன்று அஸருக்குப் பிறகு அவளது வாப்பா என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "சேர், குறை நெனைக்க வேணாம். உலகச் சம்பியனையே வெண்ட மெசின்தானே இந்தப் போனுக்குள்ள கிடக்கு. அது ஒண்டு சொல்லி நீங்க ஒண்டு சொன்னா புள்ள எதைக் கேக்கிற?"

நியாயமான கேள்வி. இன்று போனில் இருக்கிற செயலி அந்த உலகச் சம்பியனை வென்ற இயந்திரத்தை விடவும் பலம்வாய்ந்தது. நானோ வலயமட்டத்தைத் தாண்டி ஆடாத ஒரு கணித ஆசிரியன். அதற்கும் எனக்கும் போட்டி வைத்தால் இருபது நகர்வுக்குள் நான் முடிந்துபோவேன். அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. ஒரு பிள்ளை தொடக்கத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளுவது நல்லதா கெட்டதா என்பதை அந்த இலக்கத்தை வைத்துத் தீர்மானிக்கலாமா? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஏன் சிப்பாயைப் பற்றி மட்டும் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். பலகையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எட்டுச் சிப்பாய்கள். குதிரையைப் பிழையான இடத்தில் வைத்தால் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டு நகர்வு வீண், அவ்வளவுதான். இராணியும் திரும்பி வரலாம், மந்திரியும் வரலாம். சிப்பாய் மட்டும் பின்னுக்கு வராது. ஒரு கட்டம் முன்னே போய்விட்டால், அது அதுவரை காவல் காத்த கட்டங்களை அது இனி ஒருபோதும் காக்காது. வயலில் வரம்பு கட்டுவதைப் போன்றது இது. வரம்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் தண்ணீர் ஓடும். முதல் பத்து நகர்வில் சிப்பாய்கள் எப்படி நிற்கின்றனவோ அப்படித்தான் மற்றக் காய்கள் மிச்ச ஆட்டம் முழுக்க ஓடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இராணியைச் சும்மா பறிகொடுத்தால் அடுத்த நகர்விலேயே தெரிந்துவிடும். தொடக்கத்தில் தள்ளிய சிப்பாய் நல்லதா கெட்டதா என்பது முப்பதாவது நகர்வில்தான் தெரியவரும். ஆகவே மனிதனானாலும் இயந்திரமானாலும் மதிப்பிடுவதற்கு மிகக் கடினமான விடயங்களில் இதுவும் ஒன்று. கடந்த எழுபது வருடத்தில் இயந்திரங்கள் இதை எப்படி மதிப்பிட்டன என்று பார்த்தால், இன்றைய இலக்கத்தின் பொருள் விளங்கும்.

1950இல் குளோட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், சதுரங்கம் ஆடுவதற்குக் கணினியை எப்படி நிரல்படுத்தலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நிலையைப் பார்த்து யார் முன்னே நிற்கிறார் என்று கணிப்பதற்கு அதில் ஒரு சூத்திரம் கொடுத்தார். இராணிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. அதோடு சிப்பாய்களுக்குத் தனிக் கணக்கும் வைத்தார். ஒரே நிரலில் தன் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் அரைப் புள்ளி குறை. பக்கத்து நிரல்களில் துணையில்லாமல் தனித்து நின்றால் அரை குறை. கூட்டாளிகளுக்குப் பின்தங்கி நின்றால் அதற்கும் அரை குறை. இது ஓர் உதாரணத்துக்காகச் சொன்ன கரடுமுரடான கணக்கு என்பதை அவரே தெரிந்துதான் எழுதினார்.

விடைத்தாள் திருத்தப் போகிற ஆசிரியர்களுக்கு இது பழக்கமான விடயம். இதைத்தான் நாங்கள் புள்ளித்திட்டம் என்கிறோம். அடுத்த பல பத்தாண்டுகள் சதுரங்க இயந்திரங்கள் இப்படித்தான் வேலை செய்தன. புள்ளித்திட்டத்தை மனிதர்கள் எழுதிக் கொடுத்தார்கள். இயந்திரம் மிக வேகமாகத் திருத்தியது. திட்டத்தில் இல்லாத நல்ல விடை வந்தால் திருத்துபவர் திண்டாடுவது போல அதுவும் திண்டாடியது.

இனி மூன்று சிப்பாய்களைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றும் உலகப் புகழ்பெற்ற ஆட்டங்களில், தொடக்கத்திலேயே தள்ளப்பட்டவை. பலகையின் நிரல்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும், வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை இலக்கமும் இருக்கும். எச்6 என்றால் வலது ஓரத்து நிரலில் ஆறாவது கட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலாவது சிப்பாய், 1997 மே 11, நியூயோர்க். ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ இயந்திரத்துக்கும் உலகச் சம்பியன் காஸ்பரோவுக்கும் ஆறாவது, கடைசி ஆட்டம். அதுவரை இருவரும் சமபுள்ளி. காஸ்பரோவ் கறுப்பு. ஏழாவது நகர்வில் அவர் ஓரச் சிப்பாயை ஒரேயொரு கட்டம், எச்6க்குத் தள்ளினார். தன் பக்கம் வந்து நின்ற வெள்ளைக் குதிரையை விரட்டுவதுதான் நோக்கம். டீப் புளூ குதிரையை இழுக்கவில்லை. ஈ6இல் இருந்த சிப்பாயை வெட்டிக் குதிரையைப் பலி கொடுத்தது. காஸ்பரோவின் ராஜா நடுப்பலகையிலேயே மாட்டிக்கொண்டது. வெள்ளையின் 19ஆவது நகர்வோடு அவர் தோல்வியை ஏற்றுக்கொண்டார். போட்டி முடிவு மூன்றரைக்கு இரண்டரை. உலகம் முழுக்கச் செய்தி.

"இயந்திரம் அந்தச் சிப்பாய் நகர்வின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டது" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டீப் புளூ செக்கனுக்குச் சுமார் 200 மில்லியன் நிலைகளைப் பார்க்கக்கூடியது, உண்மைதான். ஆனால் அந்தக் குதிரைப் பலி அது யோசித்து ஆடிய நகர்வு அல்ல. மனிதர்கள் தொகுத்துக் கொடுத்திருந்த தொடக்க நகர்வுப் புத்தகத்தில் அது இருந்தது. அந்த நிலையில் எச்6 ஆபத்து என்பதைப் பல விளையாட்டு வீரர்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். ஆகவே இயந்திரம் மனிதனை வென்ற மிகப் பிரபலமான ஆட்டத்தில், தொடக்கச் சிப்பாயைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது மனிதர்களின் அனுபவம்தான். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தின் கணக்கு ஓடியது.

இரண்டாவது சிப்பாய், 2003 நவம்பர், அதே நியூயோர்க். இந்த முறை காஸ்பரோவுக்கு எதிரே எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற மென்பொருள். மூன்றாவது ஆட்டம். காஸ்பரோவ் வெள்ளை. ஆறாவது நகர்வில் அவர் சிப்பாயை சீ5க்குத் தள்ளினார். வெட்டக்கூடிய சிப்பாயை வெட்டாமல், பக்கத்தால் தாண்டிப்போய்ப் பூட்டுப் போட்டார். சில நகர்வுகளில் நடுப்பகுதியும் இடது பக்கமும் சிப்பாய்களால் இறுகிவிட்டன. காய்கள் ஒன்றையொன்று தொடுவதற்கே வழியில்லை. செக்கனுக்கு மில்லியன் கணக்கில் நிலைகளைப் பார்க்கிற இயந்திரத்துக்கு அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அப்படியான நிலையில் கறுப்பு தன் எஃப் நிரல் சிப்பாயைத் தள்ளி மற்றப் பக்கத்தில் வழி திறக்க வேண்டும். நல்ல பயிற்சியுள்ள ஒரு பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம் அது. இயந்திரம் அதைக் கடைசி வரை செய்யவில்லை. மந்திரியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு இருந்தது. காஸ்பரோவ் தன் ராஜாவை ஆறுதலாக இடது பக்கத்துக்கு நடத்திக்கொண்டு போனார். பிறகு ஓரச் சிப்பாயை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளி 45 நகர்வில் வென்றார். போட்டி இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் முடிந்தது.

அந்தக் காலத்து இயந்திரத்தின் குறை இங்கே தெளிவாகத் தெரிகிறது. வெட்டுக்குத்து இருக்கிற இடத்தில் அதை யாராலும் எட்ட முடியாது. சிப்பாய்களால் ஆட்டத்தின் உருவம் தீர்மானிக்கப்படுகிற இடத்தில் அதன் புள்ளித்திட்டம் போதவில்லை.

மூன்றாவது சிப்பாய் 2017இல் வந்தது. டீப்மைண்ட் நிறுவனம் அல்ஃபாசீரோ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதற்கு எந்தப் புள்ளித்திட்டமும் கொடுக்கவில்லை, தொடக்கப் புத்தகமும் கொடுக்கவில்லை. விளையாட்டு விதிகளை மட்டும் கொடுத்தார்கள். அது தனக்குத் தானே 44 மில்லியன் ஆட்டங்களை 9 மணித்தியாலத்தில் ஆடிப் பழகியது. பிறகு அன்றைய பலம்வாய்ந்த இயந்திரமான ஸ்டொக்ஃபிஷோடு ஆடியது. 2018இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின்படி 1000 ஆட்டங்களில் 155ஐ வென்றது, 6ஐத் தோற்றது, மிச்சம் சமநிலை.

எல்லோரையும் கண் விரிய வைத்தது அதன் ஓரச் சிப்பாய்தான். எச் நிரல் சிப்பாயை எச்4, எச்5, எச்6 என்று எதிரி ராஜாவின் வாசல் வரை அனுப்பிவிட்டுப் பேசாமல் விட்டுவிடும். உடனே தாக்குதல் ஒன்றும் வராது. ஆனால் அந்தச் சிப்பாய் அங்கே நிற்கும் வரை எதிரி ராஜாவுக்கு மூச்சு விட இடமில்லை. இருபது முப்பது நகர்வுக்குப் பிறகு அதனால் ஆட்டம் முடியும். தொடக்கத்தில் ஓரச் சிப்பாயைத் தள்ளாதே என்று எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நாங்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டர்களே எச்4 தள்ளத் தொடங்கிவிட்டார்கள். மனிதர்கள் இயந்திரத்திடம் படித்த உண்மையான பாடம் அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஸ்டொக்ஃபிஷும் சும்மா இருக்கவில்லை. 2020இல் அதற்குள்ளும் தானாகப் பழகுகிற நரம்பு வலையமைப்பைச் சேர்த்தார்கள். 2024இல் வந்த பதிப்பில் மனிதர்கள் கையால் எழுதிய பழைய மதிப்பீட்டு விதிகள் முற்றாக எடுக்கப்பட்டுவிட்டன. உங்கள் போனில் பெரும்பாலும் இருப்பது இந்த ஸ்டொக்ஃபிஷின் ஏதோ ஒரு பதிப்புத்தான்.

இதன் பொருள் என்ன? ஷானன் காலத்தில், ஒரு சிப்பாய்க்கு ஏன் அரைப் புள்ளி குறைந்தது என்று கேட்டால் பதில் இருந்தது. தனித்து நிற்கிறது, அதனால் குறைந்தது. இன்றைய இயந்திரம் மிகச் சரியாக மதிப்பிடுகிறது. ஆனால் ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லாது. இலக்கத்தைக் காட்டும், தான் ஆட நினைக்கிற நகர்வுகளை வரிசையாகக் காட்டும், அத்தோடு சரி. திருத்துபவர் வெகு கெட்டிக்காரர். ஆனால் விடைத்தாளில் ஒரு குறிப்பும் எழுதமாட்டார்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். ஒன்று என்று காட்டினால் ஒரு சிப்பாய் கூட இருக்கிறது என்று பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். முன்பு ஓரளவுக்கு அப்படித்தான். 2022 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து ஸ்டொக்ஃபிஷ் அதை மாற்றி அமைத்தது. இப்போது கூட்டல் 1.00 என்றால், அதே இயந்திரம் தனக்குத் தானே அந்த நிலையிலிருந்து ஆடினால் வெள்ளை வெல்வதற்கு 50 வீத வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். இந்த வசனத்தைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். இயந்திரம் தனக்குத் தானே ஆடினால். உங்கள் மகள் பக்கத்துப் பாடசாலைப் பிள்ளையோடு ஆடினால் என்று அல்ல.

அந்த இலக்கம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது, இரண்டு பக்கமும் பிழையே விடாத ஆட்டக்காரர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான். 0.3க்கும் 0.6க்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்கு ஒரு விடயம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், அரை மணித்தியால மணிக்கூட்டோடு, வெயிலில் வியர்த்துக்கொண்டு ஆடுகிற பிள்ளைக்கு அது ஒரு விடயமே இல்லை. அந்தப் பிள்ளைகளின் ஆட்டங்களை இலக்கம் தீர்ப்பதில்லை. நான் பார்த்த வரைக்கும், யாருக்குத் தன் நிலை விளங்குகிறதோ அவர்தான் வெல்கிறார்.

வீட்டிலேயே ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். ஆட்டம் தொடங்காத பலகையைப் போனில் வைத்து, முதல் நகர்வு எது நல்லது என்று கேளுங்கள். முதலில் ஈ4 மேலே வரலாம். கொஞ்சம் விட்டுப் பார்த்தால் டீ4 மேலே வரலாம். பிறகு குதிரை நகர்வொன்று எட்டிப் பார்க்கும். ஆழமாக யோசிக்க யோசிக்க இலக்கமும் ஏறி இறங்கும். இயந்திரமே ஒன்றுக்கொன்று இவ்வளவு கிட்ட வைத்திருப்பதை நாங்கள் ஒன்று சரி, மற்றது பிழை என்று பிரித்துப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

தரம் 8 பிள்ளை ஆடிய தொடக்கத்துக்கு கிங்ஸ் இந்தியன் என்று பெயர். கறுப்பு முதலில் நடுப்பகுதியை வெள்ளைக்கு விட்டுக்கொடுக்கும். ஆறாவது நகர்வில் சிப்பாயை ஈ5க்குத் தள்ளி நடுவைத் தட்டிப் பார்க்கும். வெள்ளை டீ5 தள்ளிப் பூட்டினால், கறுப்பு எஃப் நிரல் சிப்பாயைத் தள்ளி ராஜா பக்கம் தாக்கப் போகும். 2003இல் ஃபிரிட்ஸ் செய்யத் தெரியாமல் நின்ற அதே வகை வேலை. வெள்ளைக்கு இடம் அதிகம் என்பதால் இன்றைய இயந்திரம் வெள்ளைக்குச் சாதகம் காட்டுகிறது. அது சரிதான். ஆனால் ஃபிஷரும் காஸ்பரோவும் இந்தத் தொடக்கத்தை விரும்பி ஆடி எத்தனையோ ஆட்டங்களை வென்றார்கள். எங்கள் வலயத்தில் அந்தச் சாதகத்தை வெற்றியாக மாற்றத் தெரிந்த வெள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கோ ஒவ்வொரு சிப்பாயும் ஏன் போகிறது என்று தெரியும். அது தெரிந்த தொடக்கத்தை விட்டு, தெரியாத நல்ல தொடக்கத்துக்கு மாறினால், கையிலிருப்பது வெறும் மனனம். எதிரி புத்தகத்தை விட்டு விலகிய அடுத்த நிமிடம் பிள்ளை தனியே நிற்கும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திரங்கள் தமக்குள் மோதுகிற பெரிய போட்டி ஒன்று டிசிஇசி என்ற பெயரில் 2010 முதல் நடக்கிறது. அங்கே இயந்திரங்களைத் தொடக்கத்தில் தம் விருப்பத்துக்கு ஆட விடுவதில்லை. விட்டால் பெரும்பாலும் சமநிலையில்தான் முடியும். அதனால் மனிதர்கள் ஒரு தொடக்க நிலையைத் தெரிவு செய்து வைத்துவிட்டு, இங்கிருந்து ஆடுங்கள் என்கிறார்கள். அதே நிலையில் இரண்டு இயந்திரங்களும் ஒரு முறை வெள்ளையாக, ஒரு முறை கறுப்பாக ஆடும். இயந்திரம் தானாக ஆட விரும்பாத கிங்ஸ் இந்தியன் போன்ற தொடக்கங்களும் அதில் வரும். ஆக, உலகின் அதிபலமான ஆட்டக்காரர்களுக்கும் முதல் சிப்பாய்களை வைத்துக் கொடுப்பது மனிதர்கள்தான்.

இது புதிய ஏற்பாடும் அல்ல. அப்பாசியர் காலத்துச் சத்ரஞ்சில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். ஆட்டம் சூடு பிடிக்க நேரமெடுக்கும். அதனால் ஆட்டக்காரர்கள் பெயர் வைத்த சில அணிவகுப்புகளில் ஒன்றைத் தெரிந்துகொண்டு, முதலில் சிப்பாய்களை அந்த உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மோதலைத் தொடங்கினார்கள். அதற்குத் தஃபியா என்று பெயர். 9ஆம் நூற்றாண்டின் அல் அத்லியும் 10ஆம் நூற்றாண்டின் அஸ் ஸூலியும் இவற்றைப் பற்றி நூல் எழுதினார்கள். இன்றும் உலகெங்கும் சதுரங்க நூல்களில் இப்படியான தொடக்க நிலைக்கு அந்த அரபுச் சொல்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஓர் உருவத்தைத் தெரிவு செய்து, அதில் பழகி, அதன் நல்லது கெட்டதை அனுபவத்தில் அறிந்துகொள்வது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் பார்ப்பதும் இதைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இயந்திரத்தைப் பார்த்து எச்4 தள்ளுகிற மோகம் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை வந்துவிட்டது. மூன்றாவது நகர்விலேயே ஓரச் சிப்பாய் ஓடுகிறது. குதிரை வெளியே வரவில்லை, ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறது. ஏன் மகன் தள்ளின என்று கேட்டால், "யூடியூப்ல தள்ளினாங்க சேர்" என்கிறான். அல்ஃபாசீரோ அந்தச் சிப்பாயை 44 மில்லியன் ஆட்டங்களுக்குப் பிறகு தள்ளியது. இவன் நாற்பத்தி நாலு ஆட்டம் கூட ஆடவில்லை.

எங்கள் சமூகம் இலக்கத்தை நம்பிப் பழகிய சமூகம். ஐந்தாம் தரத்தில் வெட்டுப்புள்ளி, உயர்தரத்தில் இசட் புள்ளி. அவை வாழ்க்கையைத் தீர்மானிப்பதால் இலக்கம் கண்டால் அடங்கிப்போகிறோம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெட்டுப்புள்ளி இல்லாத ஒரு விளையாட்டையாவது பிள்ளைகளுக்கு விட்டு வைப்போம். தான் யோசித்து, தன் கையால் தள்ளி, அதன் விளைவோடு கடைசி வரை இருந்து பார்க்கிற பழக்கம் பிள்ளைக்கு வேறு எங்கே கிடைக்கப் போகிறது?

போனைத் தொடாதே என்று நான் சொல்லமாட்டேன். என் போனிலும் அது இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். அதைப் பாவிக்கும் முறையைத்தான் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளோடு நான் பின்பற்றுகிற ஒழுங்கு இது. விருப்பமானவர்கள் வீட்டிலும் செய்து பாருங்கள்.

முதல் பத்து நகர்வுக்குள் சிப்பாயைத் தொட முதல் மூன்று கேள்விகள். இந்தச் சிப்பாய் போனால் எந்தக் கட்டங்கள் காவல் இல்லாமல் போகும்? எந்தக் காய்க்கு வழி திறக்கும், எதற்கு வழி அடைபடும்? எதிரி பூட்டுப் போட்டால் அடுத்ததாக நான் தள்ளப்போகிற சிப்பாய் எது? மூன்றாவதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்தச் சிப்பாயைத் தள்ள வேண்டாம்.

ஆட்டம் முடிந்த அன்றே போனில் போட வேண்டாம். முதலில் கொப்பியில் தமிழில் எழுத வேண்டும்: எந்தச் சிப்பாயை ஏன் தள்ளினேன், எந்த இடத்தில் பயந்தேன், எந்த இடத்தில் எதிரி என்ன நினைத்தார் என்று எண்ணினேன். மறுநாள் போனைப் பார்க்கலாம்.

பார்க்கும்போது இலக்கத்தை விரலால் மறைத்துக்கொண்டு, அது காட்டுகிற நகர்வுகளை மட்டும் பலகையில் ஆடிப் பாருங்கள். அரைக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். மூன்று நான்கு என்று தாவினால் அது வேறு விடயம். அங்கே ஏதோ காய் பறிபோயிருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் போனைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

கடைசி ஒழுங்கு. போன் காட்டிய சிப்பாய் நகர்வை உன் தங்கச்சிக்கோ கூட்டாளிக்கோ காரணத்தோடு விளங்கப்படுத்த முடியுமா? முடிந்தால் அது இனி உன்னுடையது, போட்டியில் ஆடு. முடியாவிட்டால் இன்னும் போனுடையதுதான். மண்டபத்துக்குள் போன் வராது.

உம்மா வாப்பாமாருக்கு ஒரேயொரு வேண்டுகோள். "எத்தனை காட்டுது?" என்று கேட்பதை விட்டு, "ஏன் தள்ளின?" என்று கேளுங்கள். உங்களுக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை உங்களுக்கு விளங்கப்படுத்தப் போய்த் தனக்கே விளங்கப்படுத்திக்கொள்ளும்.

சனிக்கிழமை பின்னேர வகுப்பு வழமைபோல நடக்கும், இன்ஷா அல்லாஹ். இந்த மாதம் முழுக்கச் சிப்பாய்கள் மட்டும்தான். பலகையில் ராஜாவையும் சிப்பாய்களையும் தவிர வேறொன்றும் வைக்காமல் ஆடப்போகிறோம். பிள்ளைகள் கொப்பியும் பேனையும் கொண்டுவர வேண்டும். முன்னர் எங்களிடம் ஆடிய பெரிய பிள்ளைகள் ஊரில் இருந்தால் வந்து சின்னவர்களோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள். வீட்டில் பாவிக்காத பழைய பலகை, காய்கள் இருந்தால் கொடுத்துதவுங்கள். ஒன்றிரண்டு சிப்பாய் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, சோடாப் போத்தல் மூடி வைத்துச் சமாளித்துக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.